படம் ஓடுது, சத்தம் வரமாட்டீங்குது: கோடெக் தேடும் முன் பார்க்க வேண்டியவை

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து ஆனி பிறந்ததும் ஈரோடு, திருப்பூர், கோபிப் பக்கத்து ஸ்டுடியோக்களுக்கு வரும் போன் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "ஏனுங்ண்ணா, பென்டிரைவை டிவியில போட்டா படம் வருதுங்க, சத்தம் மட்டும் வரமாட்டீங்குதுங்க." இன்னொரு வீட்டில் சத்தம் வரும், திரை கறுப்பாக இருக்கும். வேறொரு வீட்டில் ஃபைல் பெயரே டிவியில் தெரியாது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அதே பென்டிரைவ் ஜம்மென்று ஓடும். "கோடெக் இல்லீங்க போல" என்று இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் வீட்டில் யாராவது ஒரு பையன் நெட்டில் தேடி, கையில் கிடைத்த கோடெக் பேக்கை இறக்கிப் போட்டு, அதுவரை ஓடிக்கொண்டிருந்ததையும் ஓடாமல் பண்ணிவிடுவான்.

கோடெக் என்பது வீடியோவையும் ஆடியோவையும் சுருக்கவும், சுருக்கியதை விரித்து (டிகோட் செய்து) ஓட்டவும் உதவும் மென்பொருள். நிஜமாகவே அது இல்லாமல் போவது இன்றைக்குக் குறைவு. ஃபைலின் உறை, உள்ளே இருக்கும் வீடியோ ஆடியோ வகை, ஓட்டும் கருவியின் தெம்பு, பென்டிரைவை ஃபார்மேட் செய்த விதம் ஆகிய நான்கில் எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும்.

ஈரோட்டு மார்க்கெட்டில் மூட்டை மேலே மஞ்சள் என்று எழுதியிருந்தால் மட்டும் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். உள்ளே இருப்பது விரலியா கிழங்கா என்று பிரித்துப் பார்த்துத்தான் பேச்சு. எம்பி4, எம்கேவி, மோவ், ஏவிஐ என்பதெல்லாம் மூட்டைமேல் எழுதிய பெயர்தான். இந்த உறையைத்தான் கன்டெய்னர் என்கிறோம். உள்ளே இருக்கும் சரக்கு எச்.264, எச்.265, விபி9, ஏவி1 என்று வீடியோவுக்கு ஒன்று, ஏஏசி, ஏசி-3, டிடிஎஸ், பிசிஎம் என்று ஆடியோவுக்கு ஒன்று. ஒரே எம்பி4 பெயரில் இரண்டு ஃபைல் இருக்கும். ஒன்று 2012ல் வாங்கிய டிவியிலும் ஓடும், மற்றது போன வருடம் வாங்கிய லேப்டாப்பிலேயே திக்கும். ஆகவே ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எம்கேவியை எம்பி4 என்று ரீநேம் செய்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிரித்துப் பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் சாஃப்ட்வேர் இருக்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். திறந்து, வியூ மெனுவில் ட்ரீ அல்லது டெக்ஸ்ட் என்று வைத்து, ஃபைலை இழுத்து உள்ளே விடுங்கள். விஎல்சி என்ற இலவச பிளேயர் ஏற்கெனவே இருந்தால் படம் ஓடும்போது கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் பாதி விவரம் வந்துவிடும்.

பார்க்க வேண்டிய வரிகள் கொஞ்சம்தான். ஒரு கல்யாண ஃபைலை எடுத்துக்கொள்வோம். வீடியோ பகுதியில் ஃபார்மேட் என்ற இடத்தில் ஹெச்இவிசி என்று இருக்கிறது, இது எச்.265தான். ஃபார்மேட் புரொஃபைல் வரியில் 4:2:2 10, லெவல் 5.1. அளவு 3840க்கு 2160. ஃபிரேம் ரேட் 50. பிட் டெப்த் 10. பிட் ரேட் 100 மெகாபிட்டுக்குச் சற்று மேல். ஆடியோ பகுதியில் பிசிஎம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். இவ்வளவையும் படித்தாலே நோய் தெரிந்துவிடும். பெரும்பாலான டிவிகள் 4:2:0 வண்ணத்தைத்தான் (வண்ண விவரத்தைக் குறைத்து வைக்கும் முறை; 4:2:2வில் அது கூடுதல்) டிகோட் செய்யும். 4:2:2 என்றதும் கறுப்புத் திரை. எம்பி4 உறைக்குள் பிசிஎம் ஆடியோ இருந்தால் நிறைய டிவிகளும் போன்களும் அதைக் கண்டுகொள்ளவே மாட்டா. சோனி கேமராக்களின் எக்ஸ்ஏவிசி எஸ் ஃபைல்கள் பிசிஎம் ஆடியோவோடுதான் வருகின்றன. எடிட் செய்யாமல் கேமரா கார்டில் இருந்ததை அப்படியே காப்பி பண்ணிக் கொடுத்த "ரா கிளிப்"களில் படம் வந்து சத்தம் வராமல் போக முதல் காரணம் இதுதான்.

விண்டோஸில் வரும் தொல்லை

விண்டோஸோடு வரும் பிளேயரில் போட்டால் ஒரு நீளமான பிழை எண் காட்டும். கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 5212 என்று முடிந்தால் மெய்யாகவே கோடெக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 36சி4 என்று முடிந்தால் அந்தக் கன்டெய்னரே அதற்குப் புரியவில்லை; ஃபைல் பாதியில் அறுந்திருந்தாலும் இதே எண் வரலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

5212க்குக் காரணம் பெரும்பாலும் எச்.265. அந்தத் தரம் 2013லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் காப்புரிமைகள் பல கம்பெனிகளிடம், ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸோடு சும்மா கொடுப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ் என்று தேடினால் அமெரிக்க விலையில் 0.99 டாலர். லேப்டாப் தயாரித்த கம்பெனி முன்கூட்டியே போட்டிருந்தால் காசு இல்லை. பணம் கட்டப் பிரியமில்லாதவர்கள் விஎல்சியோ எம்பிசி-எச்சி என்ற இலவச பிளேயரோ போட்டுக்கொண்டால் போதும், அவற்றுக்குள் எச்.265 டிகோடர் ஏற்கெனவே இருக்கிறது. காப்புரிமைத் தொகை இல்லாமல் பயன்படுத்தத்தான் ஏவி1 என்ற கோடெக்கை 2018ல் வெளியிட்டார்கள். அதற்கான எக்ஸ்டென்ஷன் ஸ்டோரில் இலவசம்.

இன்னொரு வகை உண்டு. படம் வரும், சத்தம் இல்லை, ஆடியோ வரியில் ஏசி-3. 2024ல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்ட விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் ஏசி-3 கோடெக் கூடவே வருவதில்லை. பழைய கம்ப்யூட்டரில் கேட்ட படம் புதியதில் ஊமையாகிவிட்டதே என்று ஸ்பீக்கரைத் திருகுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். விண்டோஸின் "என்" (N) என்ற பதிப்பைப் போட்டுவிட்டால் மீடியா சமாசாரம் எதுவுமே இருக்காது. அதற்கு செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸுக்குள் போய் மீடியா ஃபீச்சர் பேக் சேர்க்க வேண்டும்.

சரி, கோடெக் பேக் போட்டும் ஏன் ஓடுவதில்லை? இதைத்தான் யாரும் விளக்குவதில்லை. விண்டோஸுக்குள் மீடியா ஓட்ட இரண்டு பாதைகள் இருக்கின்றன. பழையது டைரக்ட்ஷோ, புதியது மீடியா ஃபவுண்டேஷன். கே-லைட் போன்ற பேக்குகளில் வரும் எல்ஏவி ஃபில்டர்கள் டைரக்ட்ஷோ பாதைக்கானவை. விண்டோஸ் 11ன் மீடியா பிளேயரும், அதற்கு முன்பிருந்த மூவீஸ் அண்ட் டிவியும் மீடியா ஃபவுண்டேஷன் பாதையில் போகின்றன. நீங்கள் நூறு எம்பிக்கு இறக்கிப் போட்ட ஃபில்டரை அவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எடிட்டிங் சாஃப்ட்வேர்களும் பெரும்பாலும் தங்கள் சொந்த டிகோடரைத்தான் நம்புகின்றன. விஎல்சி எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பதால் வெளியே என்ன பேக் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். டைரக்ட்ஷோ பிளேயர்களிலும் ஒரு கணக்கு இருக்கிறது: 64 பிட் பிளேயருக்கு 64 பிட் ஃபில்டர், 32 பிட்டுக்கு 32. மாற்றிப் போட்டால் இருந்தும் இல்லாத கதைதான்.

பேக் போட்டே ஆக வேண்டுமென்றால் கே-லைட்டில் பேசிக் அல்லது ஸ்டாண்டர்ட் போதும். மெகா வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே வேறு பேக் இருந்தால் முதலில் அதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போடுங்கள். இரண்டு பேக் ஒன்றாக இருந்தால் ஒரே வீடியோவுக்கு இரண்டு டிகோடர் போட்டி போட்டு, பிளேயர் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். ஏதோ ஒரு வெப்சைட் "இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று கேட்டால் மட்டும் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள். வீடியோ கோடெக் வேஷம் போட்டுப் பரவிய ஸ்லாப் ட்ரோஜன் 2005 வாக்கில் கிளம்பியது. அதே வித்தை இன்றைக்கும் வெவ்வேறு பெயரில் நடக்கிறது.

விஎல்சியிலேயே திக்கினால்

விஎல்சியில் திக்கித் திக்கி ஓடுகிறது, பச்சையாகத் தெரிகிறது என்றால் அது கோடெக் இல்லாத குறை அல்ல. மறுபடி கன்ட்ரோல், ஜே அழுத்தி, ஸ்டாடிஸ்டிக்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே இரண்டு எண்களைக் கவனியுங்கள். லாஸ்ட் ஃபிரேம்ஸ் என்ற எண் ஏறிக்கொண்டே போனால் கம்ப்யூட்டருக்குத் தெம்பு போதவில்லை. டிஸ்கார்டட், கரப்டட் என்ற எண் ஏறினால் ஃபைல் அடிபட்டிருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் ஒரு சாயங்காலம் மிச்சம்.

தெம்பு போதவில்லை என்றால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸில் ஜிபியு பக்கம் போய், வீடியோ டிகோட் என்ற வரைபடத்தைப் பாருங்கள். அது பூஜ்ஜியத்தில் படுத்திருக்க, சிபியு 100 சதவீதம் ஏறி நின்றால், டிகோட் வேலை முழுக்க பிராசஸரின் தலையில் விழுகிறது. இன்டெலில் 6வது தலைமுறையிலிருந்துதான் எச்.265 8 பிட்டுக்கு முழு ஹார்டுவேர் உதவி. 10 பிட்டுக்கு 7வது, ஏவி1க்கு 11வது. என்விடியாவில் ஏவி1 டிகோட் 30 சீரிஸிலிருந்து. 4:2:2 10 பிட் எச்.265 என்றால் லேப்டாப்பில் இன்டெல் 10வது தலைமுறை ஐஸ் லேக், டெஸ்க்டாப்பில் 11வது; என்விடியாவில் 50 சீரிஸ் வரும் வரை அது கிடையவே கிடையாது. இரண்டு லட்ச ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்கியும் டைம்லைன் நகரமாட்டேன் என்கிறதே என்று புலம்பும் எடிட்டர்கள் பெரும்பாலும் இந்த 4:2:2வில்தான் சிக்கியிருப்பார்கள். எச்.264ல் 10 பிட் எடுத்தால் இன்னும் மோசம். இன்டெலின் பெரும்பாலான தலைமுறைகளில் ஹார்டுவேர் அதற்குக் கை கொடுப்பதில்லை. கேமராவிலேயே 4:2:0 வைத்து எடுப்பது, அல்லது எடிட்டுக்குப் பிராக்ஸி (எளிதாக ஓடும் சின்ன நகல்) போடுவது என்ற இரண்டு வழிதான் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு 4:2:0 தாராளம் என்பது என் கட்சி. கலர் கிரேடிங்கை வெறியோடு செய்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள் நம் பக்கத்தில் இன்னும் நிறைய வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் 4கே எச்.265 ஓட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 1080, எச்.264 ஆக மாற்றிக் கொடுத்தால் அதுவே ஓட்டிவிடும்.

பச்சைத் திரை, இளஞ்சிவப்புக் கோடு, படம் பாதியில் உறைந்து சத்தம் மட்டும் போவது இதெல்லாம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவரின் சேட்டை. விஎல்சியில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் போய் ஹார்டுவேர் ஆக்ஸிலரேட்டட் டிகோடிங் என்பதை டிஸேபிள் செய்து, விஎல்சியை மூடித் திறங்கள். சரியாகிவிட்டால் டிரைவரை அப்டேட் செய்துவிட்டு மறுபடி ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள். அப்படியே விட்டுவிட்டால் அடுத்த 4கே ஃபைலுக்குச் சிபியு வெந்துபோகும். நெட்வொர்க் வழியாகவோ மெதுவான ஹார்டு டிஸ்கிலிருந்தோ ஓட்டும்போது மட்டும் திக்கினால், பிரிஃபரன்சஸின் அடியில் ஆல் என்று மாற்றி, இன்புட்/கோடெக்ஸில் ஃபைல் கேஷிங், நெட்வொர்க் கேஷிங் இரண்டையும் 3000 மில்லிசெகண்டுக்கு உயர்த்துங்கள்.

படம் வெளிறிப்போய், சாம்பல் பூசின மாதிரி இருந்தால் கோடெக்கைத் திட்ட வேண்டாம். எச்டிஆரில் (கூடுதல் வெளிச்ச வீச்சில்) எடுத்ததைச் சாதாரணத் திரையில் பார்க்கிறீர்கள், அல்லது லாக் புரொஃபைலில் (பின்னால் கலர் திருத்தவென்று வெளிறலாகப் பதியும் முறையில்) எடுத்ததை கிரேட் செய்யாமல் கொடுத்துவிட்டார்கள். மீடியாஇன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் கேரக்டரிஸ்டிக்ஸ் வரியில் ஹெச்எல்ஜி அல்லது பிகியூ என்று இருந்தால் எச்டிஆர்தான். உதடும் சத்தமும் ஒட்டாமல் இருந்தால் விஎல்சியில் ஜே, கே இரண்டு எழுத்தும் 50 மில்லிசெகண்ட் கணக்கில் ஆடியோவை முன்னும் பின்னும் தள்ளும்.

டிவிக்குக் கொடுக்கும் பென்டிரைவ்

ஸ்டுடியோக்காரர்கள் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். முதலில் பென்டிரைவின் ஃபார்மேட். பழைய டிவிகள் ஃபேட்32 மட்டும் படிக்கும். சில என்டிஎஃப்எஸ் படிக்கும், எக்ஸ்ஃபேட் படிக்காது. ஃபேட்32ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 100 மெகாபிட்டில் ஏற்றிய வீடியோ ஆறு நிமிடம் ஆவதற்குள் 4 ஜிபியை முட்டிவிடும். 8 மெகாபிட்டில் ஏற்றினால் சுமார் 70 நிமிடம் கொள்ளும். 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவை விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் ஃபேட்32 ஆக்காது, ரூஃபஸ் என்ற இலவசக் கருவி ஆக்கும். ஃபைல் பெயரே டிவியில் தெரியவில்லை என்று சொன்ன வீட்டுக்கு முதலில் கேட்க வேண்டியது, "டிவி எந்த வருசத்துதுங்க?" என்பதுதான்.

எல்லா வீட்டிலும் ஓட வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றியில் இப்படி வையுங்கள். சம்மரி டேபில் எம்பி4. டைமென்ஷன்ஸில் 1920க்கு 1080. வீடியோ டேபில் எச்.264, எக்ஸ்264, 10 பிட் என்று எழுதியதைத் தொடாதீர்கள். ஃபிரேம் ரேட் 25, கான்ஸ்டன்ட். புரொஃபைல் ஹை, லெவல் 4.0 அல்லது 4.1. ஆவரேஜ் பிட்ரேட் 8000, மல்டி பாஸ் டிக். ஆடியோ டேபில் ஏஏசி, ஸ்டீரியோ, 160.

50 ஃபிரேமில் எடுத்ததை ஏன் 25க்கு இறக்க வேண்டும் என்று கேட்கலாம். எச்.264ல் 1080 அளவும் 50 ஃபிரேமும் சேர்ந்தால் லெவல் 4.2 வேண்டும். 4.1ஓடு நின்றுபோன டிவிகள் அங்கேதான் மடங்குகின்றன. வழக்கமாகச் சொல்லும் ஆர்எஃப் 20, 22 என்ற தர எண் கணக்கை விட்டு ஆவரேஜ் பிட்ரேட் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஆர்எஃபில் தரம் ஒரே சீராக இருக்கும், ஃபைல் அளவு கைக்குள் நிற்காது. முகூர்த்தத்தில் அட்சதை தூவுகிற நேரம், மண்டபத்துக்கு வெளியே பட்டாசு, ரிசப்ஷனில் பறக்கும் ஜிகினா, எல்லாத் துகளும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால் பிட்ரேட் எகிறிவிடும். 4 ஜிபிக்குள் அடக்க வேண்டிய வேலையில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ கொடுப்பதென்றால் ஆர்எஃப் 20 நல்ல எண்தான்.

ஆடியோ மட்டும் தகராறு செய்யும் ஃபைலை முழுக்க மறுபடி என்கோட் செய்து மூன்று மணி நேரம் வீணாக்க வேண்டியதில்லை. டிடிஎஸ் ஆடியோ இதற்குச் சரியான உதாரணம். சாம்சங் 2018 மாடல் டிவிகளிலிருந்து டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. எல்ஜியின் 2020 முதல் 2022 வரையான மாடல்களிலும் கிடையாது. படம் வரும், ஆடியோ சப்போர்ட் இல்லை என்று ஒரு வரி வரும். ஹேண்ட்பிரேக்கில் வீடியோவை அப்படியே கடத்திவிட வழியில்லை. அவிடெமக்ஸ் என்ற இலவச எடிட்டரில் உண்டு. ஃபைலைத் திறந்து, வீடியோ அவுட்புட் காப்பி, ஆடியோ அவுட்புட் ஏஏசி, அவுட்புட் ஃபார்மேட்டில் எம்பி4 மக்ஸர் அல்லது எம்கேவி மக்ஸர் வைத்து சேவ் கொடுங்கள். வீடியோவைத் தொடாததால் சில நிமிடத்தில் முடியும், தரம் ஒரு துளியும் குறையாது. சப்டைட்டில் மட்டும் இதில் உதிர்ந்துவிடும். தனி ஃபைலாகப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். கன்டெய்னர் மட்டும் பிடிக்கவில்லை, உள்ளே சரக்கு நல்லதுதான் என்றால் வீடியோ ஆடியோ இரண்டையுமே காப்பியில் விட்டு உறையை மாற்றினால் ஆயிற்று.

போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டில் எம்எக்ஸ் பிளேயர் ஊமையானால் உரிமச் சிக்கலால் டிடிஎஸ், ஏசி-3 அதிலிருந்து எடுக்கப்பட்டதுதான் காரணம், விஎல்சி போட்டுக்கொள்ளுங்கள். ஐபோன்கள் 2017ல் வந்த ஐஓஎஸ் 11லிருந்து எச்.265ல் எடுக்கின்றன. மற்றவர்களுக்கு அனுப்ப எடுப்பதாக இருந்தால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸில் மோஸ்ட் கம்பேட்டிபிள் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அசல் அப்படியே போகும்.

சிசிடிவி, பழைய டிஸ்க், அறுந்த ஃபைல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கரூர் தறிக் கூடங்களிலும் கோடெக் கேள்வி வருவது டிவிஆரில் (சிசிடிவி பதிவுப் பெட்டியில்) இருந்து எடுத்த பதிவுக்காக. டிஏவி என்று முடியும் ஃபைல் தஹுவா வகை டிவிஆர்களுடையது. விஎல்சி சிலதை ஓட்டும், சிலதில் படம் மட்டும் வரும், நேரக் கணக்கு கன்னாபின்னாவென்று காட்டும். அந்தக் கம்பெனியின் ஸ்மார்ட்பிளேயரில் சரியாக ஓடும். ஹைக்விஷன் என்றால் விஎஸ்பிளேயர். அவர்களுடைய எம்பி4 ஃபைலில் சில, பெயர்தான் எம்பி4, உள்ளே உறை எம்பெக் பிஎஸ். எச்.265+ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் புதுக் கோடெக் தேட வேண்டாம். அது எச்.265தான், முழு ஃபிரேம்களை மிகவும் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால்தான் ஸ்லைடரை இழுத்தால் படம் கொஞ்ச நேரம் சாம்பலாக நிற்கிறது.

சரக்குத் திருட்டு, விபத்து என்று போலீஸுக்குக் கொடுக்க வேண்டிய பதிவாக இருந்தால் மாற்றிய ஃபைலை மட்டும் கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63வது பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் ஃபைலின் ஹாஷ் மதிப்பு (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) எழுத இடம் இருக்கிறது. மாற்றிய ஃபைலின் ஹாஷ் அசலோடு ஒருபோதும் பொருந்தாது. 7-ஜிப் இருந்தால் அசல் ஃபைல்மேல் வலது கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ போய், எஸ்எச்ஏ-256 எடுத்துக் குறித்துவையுங்கள். பார்க்க வசதியாக எம்பி4 ஒன்று தனியாகக் கொடுக்கலாம்.

பழைய கல்யாண விசிடியில் டேட் (.dat) என்று முடியும் ஃபைல் இருக்கும். எம்பெக்-1, 352க்கு 288. விஎல்சியில் இழுத்து விட்டால் ஓடும், அதற்கு மேல் தெளிவு எதிர்பார்க்க முடியாது. டிவிடியில் விஓபி, எம்பெக்-2, 720க்கு 576. டிவிடி, மினிடிவி கேசட் இரண்டிலும் ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு விழுந்தால் அது இன்டர்லேஸ் (ஒரு படத்தை இரண்டு பாதிகளாக, கோடு விட்டுக் கோடு பதியும் முறை). விஎல்சியில் டி எழுத்தை அழுத்தினால் டீஇன்டர்லேஸ் ஆகும்; மோட் யாடிஃப் 2எக்ஸ் வைத்தால் அசைவு வழுவழுப்பாக வரும். டிஸ்கில் பூஞ்சை ஏறுமுன் இதையெல்லாம் ஹார்டு டிஸ்குக்கு ஏற்றிவிடுங்கள்.

ரெக்கார்டிங் நடுவே கரண்ட் போய்விட்டது, பேட்டரி செத்துவிட்டது, அதன் பிறகு எம்பி4 திறக்கவே மாட்டேன் என்கிறது. எந்தக் கோடெக் போட்டாலும் இது திறக்காது. எம்பி4ல் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மூவ் ஆட்டம் (moov atom) என்பார்கள். கேமராக்கள் அதை வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. கரண்ட் போனால் அட்டவணை எழுதப்படாமலே நின்றுவிடும். அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த ஒரு நல்ல ஃபைலை மாதிரியாகக் கொடுத்தால், அட்டவணையைக் கட்டித்தர முயலும். ஃபைல் அளவு சில கேபிதான் இருக்கிறது என்றால் மீட்க அதற்குள் ஒன்றுமே இல்லை. கோயில் கும்பாபிஷேகத்தை ஓபிஎஸ் என்ற சாஃப்ட்வேரில் லைவ் விடுகிறவர்கள் ரெக்கார்டிங்கை எம்கேவியில் வையுங்கள். அறுந்தாலும் அதுவரை எடுத்தது ஓடும். முடிந்தபின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

கடைசியாகத் தமிழ் சப்டைட்டில். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபான்ட் இல்லை. கேள்விக்குறியும் கிறுக்கலுமாகத் தெரிந்தால் என்கோடிங் தப்பு. எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் திறங்கள். அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால் சேவ் ஆஸ் கொடுத்து என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்குங்கள். விஎல்சியில் சப்டைட்டில்ஸ்/ஓஎஸ்டி பகுதியில் டிஃபால்ட் என்கோடிங் யுடிஎஃப்-8, ஃபான்ட் நிர்மலா யுஐ. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து "கெ" என்பது பிய்ந்து தெரிந்தால் விஎல்சி 3க்கு முந்திய பழைய பதிப்பாக இருக்கும், புதியதைப் போடுங்கள். டிவியில் அப்படித் தெரிந்தால் டிவியை மாற்ற முடியாது. ஹேண்ட்பிரேக்கின் சப்டைட்டில்ஸ் டேபில் அந்த எஸ்ஆர்டியை இம்போர்ட் செய்து, பர்ன் இன் டிக் போட்டு, முதலில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் மாற்றி, "கொ", "சௌ", "ஸ்ரீ" மூன்றும் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு முழுப் படத்துக்கும் ஓட்டுங்கள்.